கோடு போட்ட துணிக்குப் பின்னால் 16 வருடம்

அந்த ஏடு என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பழைய கணக்குத் தாள்களை மறுபக்கமாகத் திருப்பி மடித்துத் தைத்து, அதன்மேல் துணித் துண்டுகளை வரிசையாகக் கஞ்சியால் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு துண்டும் தபால் தலையைவிடச் சற்றுப் பெரியது. எல்லாமே கோடு போட்ட பருத்தித் துணி. நீலத்தில் வெள்ளைக் கோடு, பழுப்பில் நீலக் கோடு, ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த கோடு. இப்படிப்பட்ட ஏட்டுக்கு ஜப்பானில் 'ஷிமாச்சோ' என்று பெயர். கோட்டு ஏடு என்று சொல்லலாம். எடோ காலத்திலும் (1603-1868) மெய்ஜி காலத்திலும் (1868-1912) கிராமத்து வீடுகளில் பெண்கள் தாங்கள் நெய்ததில் ஒரு துண்டு, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது ஒரு துண்டு என்று ஒட்டி வைத்துக்கொள்வார்கள். அடுத்து என்ன நெய்யலாம் என்று பார்ப்பதற்கான கையேடு அது.

டோக்கியோவுக்கு வடக்கே ஒரு சிறிய ஊரின் ஆவண அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியைத் தாண்டியபோது, செம்பழுப்புக் கோடும் நீலக் கோடும் மாறி மாறி வந்த ஒரு துண்டின் பக்கத்தில் தூரிகையால் நான்கு எழுத்து எழுதியிருந்தது. முதலில் புரியவில்லை. எழுத்துக் கூட்டி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஸா, ன், தொ, மெ.

ஸான்தொமெ. சாந்தோம். நம்ம மயிலாப்பூருக்குப் பக்கத்துச் சாந்தோம்தான்.

அந்த நொடியில் என் கை நடுங்கியது உண்மை. ஜப்பானுக்கு வந்து அப்போது 6 வருடம் ஆகியிருந்தது. நான் ஆராய வந்தது நீலச் சாயம். கோட்டுத் துணி என் பட்டியலிலேயே கிடையாது. அந்த நான்கு எழுத்துக்குப் பிறகு என் வேலை திசை மாறிவிட்டது.

எப்படி இங்கே வந்தேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் ஊர் சென்னிமலை. அப்பா பெட்ஷீட் நெய்தவர். தறிச் சத்தத்தில்தான் படித்தேன், தூங்கினேன். வேதியியல் முடித்த பிறகு, இயற்கைச் சாயங்களைப் பற்றி ஆய்வு செய்ய ஜப்பான் அரசின் உதவித்தொகை கிடைத்து 2008 அக்டோபரில் கியோட்டோ வந்து இறங்கினேன். மொழி தெரியாது. முதல் வருடம் முழுக்க மொழிதான். இரண்டாவது வருடம் பேசத் தெரிந்துவிட்டது என்று நினைத்து சாயக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனால், அவர் பேசிய வட்டார வழக்கில் ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. சாயப் பட்டறையிலும் தறியிலும் புழங்கும் சொற்களில் பாதி அகராதியில் இருக்காது. அவற்றை அங்கேயே உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

நீலச் சாயத்துக்காக முதலில் போனது ஷிகோகு தீவில் உள்ள தொகுஷிமா. பழைய பெயர் ஆவா. அங்கே யோஷினோ ஆறு வருடாவருடம் புயல் மழையில் கரையை உடைத்துக்கொண்டு ஓடும். நெல் போட்டால் கதிர் முற்றுவதற்குள் வெள்ளம் வந்துவிடும். நீலச் செடியைப் புயலுக்கு முன்பே அறுத்துவிடலாம். வெள்ளம் கொண்டுவந்து போடும் வண்டல்தான் அடுத்த போகத்துக்கு உரம். அப்படித்தான் அந்த ஊர் நீலத்துக்குப் பேர் போனது.

நம்ம ஊரில் அவுரியை அறுத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை அடித்துக் கலக்கி, கீழே தங்கும் நீலத்தைக் கட்டியாக எடுப்பார்கள். ஜப்பானியச் செடி வேறு குடும்பம், செய்முறையும் வேறு. இலையைக் காயவைத்து, மண் தரை போட்ட கொட்டகையில் மார்பளவுக்குக் குவித்து, தண்ணீர் தெளித்து, ஏறக்குறைய 100 நாள் மக்கவைப்பார்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுக் குவியலையும் பிரித்துப் புரட்டி, மறுபடி தண்ணீர் தெளித்துக் குவிக்க வேண்டும். உள்ளே சூடு 70 டிகிரி வரை ஏறும். அம்மோனியா நெடியில் கண் எரிந்து தண்ணீர் ஊற்றும். அந்தக் கொட்டகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'படுக்கை'. குளிர் ஏறியதும் குவியலின்மேல் போர்த்தும் வைக்கோல் பாய்க்குப் பெயர் 'மெத்தை'. பிள்ளையைத் தூங்கவைப்பது போலத்தான் அவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். கடைசியில் கிடைக்கும் கரிய மக்குதான் 'சுகுமோ'.

அங்கேதான் என் முதல் பெரிய தவறு நடந்தது. தண்ணீர் எவ்வளவு என்பதை முடிவு செய்ய 'தண்ணீர் ஆசான்' என்று ஒருவர் இருப்பார். முதல் நாளே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்: "ஒரு டன் இலைக்கு எத்தனை லிட்டர்?" அவர் பதில் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. மறுநாள் காலையில் ஒரு மர வாரியை என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கும், அடுத்த புரட்டலுக்கும், அதற்கடுத்த புரட்டலுக்கும் வாரினேன். மூன்றாவது முறை, அவர் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி இலையை எடுத்து இறுக்கிப் பிடித்துப் பார்த்து, "போதும்" என்றார். அப்போது கேட்டேன்: "இப்ப ஏன் நிறுத்தினீங்க?" உடனே பதில் வந்தது. கையை விரித்ததும் உருண்டை எப்படி உடைய வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் எப்படித் தெரிய வேண்டும், நேற்று வடக்கிலிருந்து காற்று அடித்ததால் இன்று ஏன் கூட வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினார். கைவினைக்காரரிடம் மொத்தமாக ஒரு எண்ணைக் கேட்கக் கூடாது. அவர் கை ஒன்றைச் செய்து முடித்த அந்த நொடியில், செய்ததைப் பற்றிக் கேட்க வேண்டும். இந்தத் துறைக்கு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தொகுஷிமாவில் கேட்ட ஒரு கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெய்ஜி காலத்தில் இந்தியாவிலிருந்து அவுரி நீலம் வந்து குவிந்தது. அதன்பின் 1897-ல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. ஆவா நீலம் சரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பயிர்தான் போட வேண்டும் என்று நீலச் செடிக்குத் தடை வந்தது. இந்தச் செடியின் விதையைப் பல வருடம் பூட்டி வைக்க முடியாது, சீக்கிரம் முளைப்புத் திறன் போய்விடும். அதனால் ஒரு குடும்பம் மலைக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வருடம் தவறாமல் கொஞ்சம் விதைத்து விதையைக் காப்பாற்றியது. இன்று சுகுமோ செய்யும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சுகுமோவைச் சாயமாக்குவது தனி வேலை. மரச் சாம்பலில் வடித்த கார நீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் அரிசி மது சேர்த்து நொதிக்கவிட வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்தான் நீலத்தைத் தண்ணீரில் கரையும்படி மாற்றுகிறது. நான் தனியாகப் போட்ட முதல் தொட்டியை நானே கொன்றேன். ஜனவரி மாதம், கியோட்டோக் குளிர். மேலே நுரை வரவில்லை என்று பயந்து தவிட்டைக் கூட்டினேன். மறுநாளும் வரவில்லை, இன்னும் கூட்டினேன். நான்காம் நாள் அழுகிய முட்டை நாற்றம். காரம் இறங்கிவிட்டிருந்தது. என் ஆசிரியர் வந்து விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். "பசியில்லாத பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறாய். அதற்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான்" என்றார். முதலில் சூடு, பிறகு காரம், கடைசியில்தான் தவிடு. தொட்டி தூங்கினால் இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். இன்று வரை என் சாய நோட்டில் ஒவ்வொரு நாளும் அறையின் சூடு, தொட்டியின் சூடு, காரம், அன்று நனைத்த நூலின் எடை என்று நான்கையும் எழுதுகிறேன். முகர்ந்த வாசனையையும் எழுதுகிறேன். முதல் மூன்று வருடம் வாசனையை எழுதாமல் விட்டது பெரிய இழப்பு.

ஒரு அழகான விஷயம். இந்த நீலத்தின் மிக வெளிறிய சாயைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'தொட்டியை எட்டிப் பார்த்தது'. நூல் தொட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டதாம். அதை அடுத்து ஒவ்வொரு முக்கலுக்கும் ஆழம் கூடிக்கொண்டே போகும். ஏறக்குறைய கறுப்பாகும் வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் உண்டு.

அதற்குப் பிறகு கியூஷு தீவில் குருமே. அங்கே நெய்வது 'கசுரி', அதாவது நூலைக் கட்டி, சாயமிட்டு, பிறகு நெய்யும் துணி. மதுரைச் சுங்குடியில் துணியைக் கட்டுகிறோம் இல்லையா, இங்கே நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிவிடுவார்கள். கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். குருமேயில் இதைத் தொடங்கியவர் இனொவே தென் என்ற பெண். 1788-ல் பிறந்தவர். 12, 13 வயதில், வெளுத்துப்போன பழந்துணி ஒன்றில் வெள்ளைப் புள்ளிகள் தெரிவதைப் பார்த்து, இழை இழையாகப் பிரித்து, அந்தப் புள்ளி நூலில் எப்படி விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார் என்பது வரலாறு. பிறகு நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1869-ல் இறந்தார். படம் வரும்படி நெய்ய அவருக்கு உதவியவர் அதே ஊர்ப் பையன் தனாகா ஹிசஷிகே. இன்றைய தோஷிபாவின் தொடக்கம் அவர் ஆரம்பித்த பட்டறைதான்.

1957-ல் குருமே கசுரிக்கு அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்ற தகுதி கொடுத்தது. அந்தத் தகுதிக்கு மூன்று நிபந்தனை: கையால் கட்ட வேண்டும், இயற்கை நீலத்தில் சாயமிட வேண்டும், கையால் நாடா எறியும் தறியில் நெய்ய வேண்டும். எனக்கு இந்தத் தகுதிப் பட்டியல்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் பட்டியலில் ஏறாத வீடுகளுக்கு யாரும் போவதில்லை என்பதையும் பார்த்தேன். அங்கே கட்டும் நூலைப் பற்றி, அதாவது கட்டப் பயன்படும் நாரைப் பற்றி, ஒரு மூதாட்டியிடம் கேட்டபோது, "50 வருஷமா கட்டுறேன், இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்" என்றார். நாரைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுவார்கள், காயும்போது அது இறுகும். சாயத்தில் முக்கி எடுத்துத் தரையில் அடித்தாலும் அவிழாது. ஆனால் அவிழ்க்க வேண்டிய நேரத்தில் ஒரு இழுப்பில் வந்துவிடும். கட்டு விட்ட இடத்தில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே மெல்லிய பூசல் ஒன்று தெரியும். அந்தப் பூசலைப் பார்த்தே எந்த வீட்டுக் கட்டு என்று அவர் சொல்லிவிடுவார்.

சரி, சாந்தோமுக்கு வருகிறேன்.

அன்று மாலை ஆவண அறையை விட்டு வெளியே வந்ததும் என் பேராசிரியருக்குப் போன் செய்து, "எங்க ஊர்த் துணி கிடைத்துவிட்டது" என்றேன். பெயரை வைத்து அப்படி நினைத்ததில் காரணமும் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து போர்ச்சுக்கீசியர், அவர்கள் 1639-ல் துரத்தப்பட்ட பிறகு டச்சுக்காரர், இந்தியத் துணிகளை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். டச்சுக்காரருக்கு 1641-லிருந்து நாகசாகியின் தேஜிமாதான் ஒரே வாசல். பூப்போட்ட சாயத் துணிக்கு 'சரஸா' என்று பெயர். கோடு போட்ட துணிகளுக்கு அவை வந்த இடத்தின் பெயர். வங்காளத்திலிருந்து வந்தது 'பெங்காரா', சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது 'ஸான்தொமெ'. மயிலாப்பூரின் போர்ச்சுக்கீசியக் குடியிருப்பான சான் தோமே பெயர்தான் அது. கோட்டுக்கே ஜப்பானியில் 'ஷிமா' என்று பெயர். தீவு என்ற சொல்லும் அதே 'ஷிமா'தான். தெற்குத் தீவுகள் பக்கமிருந்து வந்த துணி என்பதால் கோட்டுக்கு அந்தப் பெயர் என்கிறார்கள். கப்பலில் வந்த அசல் துணியைக் குறிக்க முன்னால் ஒரு 'தோ' சேர்த்து, நாளடைவில் அது 'தோசன்' என்று சுருங்கிவிட்டது. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ரசனை உள்ளவர்கள் மோகித்து வாங்கிய துணி அது.

பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "இழையை எண்ணினாயா?"

எண்ணவில்லை. அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். அவரும், "அச்சு எத்தனை கண்ணு?" என்றுதான் கேட்டார். அச்சு என்பது தறியில் இழைகளைக் கோக்கும் சீப்பு மாதிரிச் சட்டம், அதன் கண்ணை எண்ணினால் இழைக் கணக்கு வந்துவிடும். இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது.

மறுமுறை அனுமதி வாங்க நான்கு மாதம் ஆனது. இந்த முறை ஒரு சென்டிமீட்டர் சதுரத் திறப்புள்ள மடக்கு லென்ஸ், ஒரு ஊசி, பென்சிலோடு போனேன். துண்டின் ஒரு ஓரம் மட்டும்தான் தாளில் ஒட்டியிருந்தது. அதனால் ஊசி முனையால் மெல்லத் தூக்கிப் பின்பக்கமும் பார்க்க முடிந்தது. பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, ஒரு சென்டிமீட்டருக்கு 18. மூன்று இடத்தில் எண்ணினேன், 17, 18, 18. குறுக்கே ஓடும் ஊடை அதைவிடக் குறைவு. நூல் ஒற்றை இழை, ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு, சின்னச் சின்னப் பஞ்சு முடிச்சு. கையால் நூற்றது, குட்டை இழைப் பருத்தி. கப்பலில் வந்த தோசன் இப்படி இருக்காது. அது மிக நெருக்கமான, வழவழப்பான, பட்டு மாதிரி மினுங்கும் துணி. நான் கையில் வைத்திருந்தது, அந்த ஏட்டைத் தைத்த வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விளைந்த பஞ்சில் நெய்தது.

ரயிலில் திரும்பி வரும்போது அழுகை வந்தது. கட்டுரையின் தலைப்பைக்கூட மனதில் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்த எண்ணிக்கை என்னிடம் வேறு ஏதோ சொல்கிறது என்று உறைத்தது. ஜப்பானில் பாவின் அடர்த்தியை 'யோமி' என்று அளப்பார்கள். ஒரு யோமி என்றால் அச்சில் 40 பல், பல்லுக்கு இரண்டாக 80 இழை. கிமோனோத் துணியின் அகலம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு 18 என்றால் மொத்தம் 648, ஓரத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட 640. எட்டு யோமி! சாதாரண வீட்டு அச்சு. அந்தப் பெண் புதிதாக எதுவும் வாங்கவில்லை. தன்னிடம் இருந்த அச்சிலேயே, தன் பஞ்சிலேயே, எங்கோ பார்த்த சாந்தோம் கோட்டின் வரிசையை இழை எண்ணி எடுத்துத் தன் தறிக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார். மாற்றிவிட்டு, பக்கத்தில் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.

நம்ம பக்கத்திலும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. சோழமண்டலத் துணியை ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் 'புஞ்சம்' கணக்கில் தரம் பிரித்து வாங்கின. ஒரு புஞ்சம் 120 இழை. இங்கே 80, அங்கே 120. 'யோமி' என்ற சொல் 'யோமு' என்ற வினையிலிருந்து வருகிறது. அதற்கு வாசிப்பது, எண்ணுவது என்று இரண்டு பொருளும் உண்டு.

அதன் பிறகு நான் பார்த்த கோட்டு ஏடுகள் நூற்றுக்கும் மேல். சாந்தோம் என்ற பெயர் அவற்றில் எத்தனையோ வகைத் துணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கியோட்டோவிலும் ஓவாரி, மினோ பக்கத்திலும் 'ஸான்தொமெ' என்ற பெயரிலேயே உள்ளூரில் நெய்து விற்றார்கள். 1859-ல் யோகொஹாமா துறைமுகம் திறந்த பிறகு கவாகோயே ஊரில் இன்னொன்று நடந்தது. அங்கிருந்த வணிகர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மெல்லிய ஆலை நூலைப் பார்த்ததும் தோசன் நெய்ய இதுதான் சரி என்று பிடித்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பஞ்சில் அவ்வளவு மெல்லிதாக நூற்க முடியாது. அந்த ஊர்த் துணி 'கவாதோ' என்ற பெயரில் எடோ முழுக்கப் பரவியது. கோடு சோழமண்டலத்தது, நூல் இங்கிலாந்தினது, நெய்தது கவாகோயேப் பெண்கள். லென்ஸின் கீழே இந்த நூல் ஒரே சீராகத் தெரியும், தடிப்பு மெலிவு இருக்காது. பார்த்த உடனே 1859-க்குப் பிந்தியது என்று சொல்லிவிடலாம்.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, நான் பட்டு அறிந்த சில.

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைக் கிட்டே வைத்துப் பார்க்க அனுமதி கேட்கும்போது, "உங்கள் தொகுப்பைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பதில் வராது. எந்த எண், எந்தப் பக்கம், என்ன அளக்கப் போகிறேன், எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். எனக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருந்த அனுமதியை, நான் வாசலில் நிற்கும்போது அரை மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எதை முதலில் செய்வது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறேன். மோதிரம், கடிகாரம், வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். பேனா கூடாது, பென்சில்தான். போட்டோ எடுப்பதற்கு முன் வரையுங்கள். வரைய வேண்டுமென்றால் ஒவ்வொரு கோட்டிலும் எத்தனை இழை என்று எண்ணித்தான் ஆக வேண்டும். கேமரா எண்ணாமலேயே எடுத்துவிடும், வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கியமான இடத்தில் நிழல் விழுந்திருக்கும்.

பழைய கையெழுத்து வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பட்டதாரிகளுக்கே 150 வருடத்துக்கு முந்தைய சேர்த்தெழுத்து புரியாது. 2021-ல் வந்த 'மிவோ' என்ற செயலி படம் பிடித்தால் எழுத்தைப் பிரித்துக் காட்டும், நல்ல துணை. ஆனால் கோட்டு ஏட்டில் இருப்பது பெரும்பாலும் பள்ளிக்குப் போகாத கையின் எழுத்து. கண் பழகித்தான் ஆக வேண்டும். ஏட்டின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். திருப்பி மடித்த தாளின் உள்ளே நெல் கடன், உப்பு விலை, சில நேரம் வருடமும் இருக்கும். ஏட்டுக்குத் தேதி சொல்ல எனக்கு அதிகம் உதவியது துணியல்ல, அந்த உப்புக் கணக்குதான்.

நிறத்தைப் பார்த்துச் செடியின் பெயரைச் சொல்லாதீர்கள். நீலம் என்று கருவி சொன்னால்கூட, அது அவுரியா ஜப்பானியச் செடியா என்று அந்த மூலக்கூறு காட்டாது, இரண்டிலும் ஒன்றேதான். சிவப்பு இன்னும் சிக்கல். நம்ம கரையின் சாயவேர், ஜப்பானிய அகானே வேர், பதிமுகம் எல்லாமே வயதானால் பழுப்பை நோக்கிப் போகும். ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவி கொஞ்சம் உதவும், உறுதியாகச் சொல்ல ஒரு நூல் துணுக்காவது வேண்டும். அந்தத் துணுக்கைக் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை. தபால் தலை அளவுத் துணியில் ஒரு நூல் என்பது பெரிது. 'செம்பழுப்பு' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு துணியாவது நெய்யுங்கள். ஜப்பானில் ஒரு 'தான்' என்பது ஏறக்குறைய 12 மீட்டர், ஒரு கிமோனோவுக்கு ஆகும். சனி ஞாயிறுகளில் மட்டும் உட்கார்ந்து எனக்கு 7 மாதம் ஆனது. நெசவாளியின் மகள் என்பதால் சீக்கிரம் வந்துவிடும் என்று நினைத்தேன். கைக்கு அது தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏட்டில் ஒரு துண்டைப் பார்க்கும்போது, அச்சில் இழை கோக்கையில் ஒரு பல்லில் மூன்று போய்விட்டதா, நெய்யும்போது இழை அறுந்து முடிச்சுப் போட்டாரா என்பது உடனே கண்ணில் படுகிறது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். உதவித்தொகை முடிந்த பிறகு நிரந்தர வேலை கிடைக்க எனக்கு 5 வருடம் ஆனது. நடுவில் இரண்டு கல்லூரிகளில் மணி நேரக் கூலிக்கு வகுப்பு, வார இறுதியில் ஆங்கிலப் பாடம். கிராமங்களுக்குப் போகும் ரயில் செலவு எப்போதும் சொந்தக் காசுதான். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.

போன வீடுகளுக்குத் திரும்பப் போங்கள், இல்லையென்றால் கடிதமாவது எழுதுங்கள். தொகுஷிமாவில் ஒரு அம்மா சொன்னார்: "நிறைய பேர் வந்தார்கள், நிறைய கேட்டார்கள். எழுதியதை ஒருவரும் அனுப்பவில்லை." அன்றிலிருந்து அச்சான ஒவ்வொரு கட்டுரையோடும், அவர்கள் வீட்டைப் பற்றிய பகுதியை எளிய ஜப்பானியில் தனித்தாளில் எழுதி, எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்புகிறேன். இரண்டு முறை அப்படி அனுப்பியதில் என் தவறுகளைத் திருத்தி பதில் வந்திருக்கிறது. ஒரு தவறு பெரியது. ஊடை என்று எழுத வேண்டிய இடத்தில் பாவு என்று எழுதியிருந்தேன்.

போன நவம்பரில் அந்த முதல் ஏட்டைப் பார்க்க மூன்றாவது முறையாகப் போனேன். ஆவண அறையில் இப்போது வேறொருவர் பொறுப்பில் இருக்கிறார், இளம் பெண். விவர அட்டையில் அந்தத் துண்டுக்கு நேரே "சாந்தோம் கோடு, இறக்குமதி" என்று யாரோ முன்பு எழுதியிருந்தார்கள். என் அளவுகளைக் காட்டினேன். அவர் லென்ஸை வாங்கித் தானே எண்ணினார், உதடு அசைய, மூன்று இடத்தில். பிறகு 'இறக்குமதி' என்ற சொல்லின்மேல் பென்சிலால் மெல்லக் கோடு போட்டுவிட்டு, கீழே எழுதினார்: "கை நூற்பு, வீட்டு நெசவு, எட்டு யோமி. பெயர் நெய்தவர் எழுதியது."

'சாந்தோம்' என்ற சொல்லை அவர் அடிக்கவில்லை.